அலமாரியின் முதுகு

அந்த வலை அலமாரியின் முதுகை வினோலியா இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். முகம் அவளுக்கு மனப்பாடம். இரண்டு கதவு, கதவு நிறையப் பொடிக்கண் கம்பிவலை, நடுவில் நாதாங்கி, நாதாங்கியில் பித்தளைப் பூட்டு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் வீட்டு அடுக்களையில், நாலு காலுக்கும் அடியில் எறும்புக்காகத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களோடு, அது அவளைப் பார்த்தபடியே நின்றிருக்கிறது. முதுகு மட்டும் எப்போதும் சுவர்ப்பக்கம். சுவரைத் தொட்டால் எறும்பு சுவர் வழியாக ஏறிவிடும் என்று மாமி அதை ஒரு கை அகலம் தள்ளியே வைத்திருந்தாள். இப்போது மாமி இல்லை, அந்த வீட்டையும் விற்றாகிவிட்டது, அலமாரி எங்கெங்கோ கிடந்து கடைசியில் இவளுடைய மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கே வந்து நின்றது. எல்லாம் புருஷன் ஜெபசிங்கின் தங்கை ஹெப்சியின் வேலை. புதிதாக வாங்கிய பிளாட்டுக்கு அடுத்த வாரம் பிரதிஷ்டை ஜெபம், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் அம்மாவின் போட்டோ, போட்டோவுக்கு அடியில் அம்மாவின் அலமாரி. "சும்மா பெயிண்ட் அடிச்சிராதீங்க மைனி, நீங்க ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்கியள்ளா, அந்த மாதிரி. நீலத்துக்கு உள்ள இருந்து வெள்ளை எட்டிப் பாக்கணும். ரொம்ப நாள் புழங்குன மாதிரி இருக்கணும்." புழங்கின மாதிரி. மாமியின் தாயார் காலத்திலிருந்து புழங்கின சாமானைப் புழங்கின மாதிரி ஆக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, அது தொழில். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதுதான் உப்புத்தாள் போல இரண்டு நாளாக உள்ளே தேய்த்துக்கொண்டிருந்தது. "அந்த நாதாங்கி, பூட்டு எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு ஓட்டைய பட்டி வச்சு அடைச்சிருங்க என்ன. ஜெயில் மாதிரி இருக்கு. நம்ம வீட்ல யாரு மைனி யாருக்குப் பூட்டுனா?"

யாரு யாருக்குப் பூட்டினா. முன்பக்க விளிம்புகளை வினோலியா மறுபடி தேய்த்தாள், தேய்க்க வேண்டிய அளவுக்குமேல் தேய்த்தாள். முதலில் வெள்ளை, அது காய்ந்ததும் விளிம்புகளில் மெழுகுவர்த்தியால் ஒரு உரசல், அதன் மேல் நீலம். மெழுகு பட்ட இடத்தில் நீலம் ஒட்டாது. உப்புத்தாளை லேசாகக் காட்டினால் சொல்லி வைத்தாற்போல் உரிந்து வரும். சைக்கிள் செயினால் நாலு அடி, ஆணியால் வண்டு துளைத்ததுபோலப் பத்துக் குத்து. வாங்குகிறவர்கள் கையால் தடவிப் பார்த்து அடடா என்பார்கள். இந்த வேலைக்கு அவளுக்கு யாரும் குரு இல்லை. கைகள் எங்கே படும் என்று பார்த்துப் பார்த்துப் படித்தாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆட்கள் எழுந்திருக்கும்போது ஊன்றுகிற முனை, கோயிலில் முழங்காலிட்டவர்கள் பற்றிக்கொள்கிற முன்வரிசைச் சாய்மானம், ரேஷன் கடைப் பலகையில் பை இழுபடுகிற ஓரம். பொய்யான தேய்வு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், மெனக்கெட்டது தெரியும். நிஜமான தேய்வு ஒருச்சாய்ந்து இருக்கும். கை எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்குச் சாய்ந்திருக்கும். மரம் எதையும் மறைக்காது, பாவம், அதற்கு மறைக்கத் தெரியாது. நிஜ வடுக்களைப் பட்டி வைத்து மூடிவிட்டு அதன் மேல் பொய் வடுக்களைப் போட்டுத் தரச் சொல்கிறவர்களிடம்தான் அவள் பிழைப்பு ஓடுகிறது. இதுவரை அவளுக்கு அதில் கோபம் வந்ததில்லை. யாருடைய வடுவோ. இது அவளுக்குத் தெரிந்த அலமாரி, அவ்வளவுதான் வித்தியாசம். நாதாங்கியைக் கடைசியில் கழற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, முதுகுக்கு மிச்சம் கிடந்த நீல எனாமலை அடித்துவிடுவோம், அது சட்டென்று காயாது, காயாவிட்டால் என்ன, முதுகை யார் தொடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கோணிச்சாக்கைக் காலடியில் போட்டு இழுத்து இழுத்துத் திருப்பினாள். திருப்பியதும்தான் ஆணியைப் பார்த்தாள்.

மேல்பலகைக்குச் சற்றுக் கீழே, முன்னால் நின்றால் வலது கைப்பக்கம் வருகிற ஓரத்தில், தலை மேல்நோக்கி வளைந்த ஒரு ஆணி. ஆணியில் ஒன்றுமில்லை. ஆணியைச் சுற்றித்தான். முதுகு முழுக்க அந்தக் காலத்துக் கறுப்புச் சாயம் சொரசொரவென்று, ஒட்டடையும் கரப்பான் எச்சமுமாக அப்படியே இருந்தது. பக்கவாட்டு விளிம்பிலிருந்து ஆணி வரைக்கும் மட்டும் சாயம் இல்லை. இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரு ஒற்றையடிப் பாதை போல, மரம் வெளுத்து வழவழவென்று, எண்ணெய் ஏறி மினுங்கியது. வினோலியா உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு விரலை வைத்துப் பார்த்தாள். வெண்ணெய் போல இருந்தது. அவள் ஒரு மாதம் உட்கார்ந்து தேய்த்தாலும் அந்த மினுக்கம் வராது. முன்னால் நின்றுகொண்டு, வலது கையைப் பக்கவாட்டில் விட்டு, பார்க்காமலே பின்னால் துழாவி எடுத்த கை. ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. ஆணிக்குக் கீழே இன்னொரு தேய்வு இருந்தது, வட்டமாக, காசளவுக்கு. அங்கே எதுவோ தொங்கி ஆடியிருக்கிறது. எதுவோ என்ன எதுவோ. சாவி. இன்னொரு சாவி. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுவது தெரிந்தது, கீழே டிவியில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் கத்துவது தெரிந்தது, ஆனால் எல்லாம் தண்ணீருக்குள் இருந்து கேட்டது. பூட்டுக்கு ஒரே சாவிதான் என்று அவள் நினைத்திருந்தாள். மாமியின் இடுப்பில், சேலைக் கொசுவத்துக்குப் பக்கத்தில், ஊக்கில் கோத்த ஒரே சாவி. மாமி நடந்தால் சத்தம் வராது, சாவிதான் சத்தம் போடும். அப்படியானால் இது யாருடைய கை? மாமி குட்டை. குதிகாலை உயர்த்தினாலும் மாமிக்கு இந்த ஆணி எட்டாது. எட்டாத இடத்தில் யார் ஆணி அடிப்பார்கள்? எட்டுகிறவன் அடிப்பான்.

மாமனாராக இருக்கும். இருக்கலாம். இவள் வருவதற்கு முன்பே போய்விட்டவர், போட்டோவில் நெட்டையாகத்தான் இருக்கிறார். பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு சாவி செய்து மாட்டி வைத்திருப்பார், மனுஷனுக்கு இனிப்பு ஆகாது என்று மாமி சொல்லுவாள், ஆகாதவர்கள்தானே திருடித் தின்பார்கள். அவர் போனதோடு சாவியும் போயிருக்கும். வினோலியா அந்த எண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள், பிடிக்கிற இடமெல்லாம் வழுக்கியது. ஏனென்றால் ஜெபசிங் சொன்னது நினைவுக்கு வந்துவிட்டது. எத்தனை வருஷத்துக்கு முந்தைய சொல், நேற்றுச் சொன்னதுபோல் அதே குரலில். "சாவி அம்மா இடுப்புலல்லா கெடக்கு. நான் என்ன செய்ய?" கட்டிலில் படுத்துக்கொண்டு, கையை மடக்கித் தலைக்குக் கொடுத்துக்கொண்டு சொன்னான். அப்போது அவள் வயிற்றில் ஜாய்ஸ் ஆறு மாசம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்ததுமே மறுபடி பசிக்கும், அது பசி என்றுகூடச் சொல்ல முடியாது, உள்ளே யாரோ வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதுபோல. மாமி தூங்குவாள். அடுக்களையில் யாரும் இருக்க மாட்டார்கள். அலமாரி மட்டும் நிற்கும். வலை என்பதால் எல்லாம் தெரியும். பார்க்கத் தடை கிடையாது, மோந்து பார்க்கத் தடை கிடையாது. கிறிஸ்மஸுக்குப் போட்ட முந்திரிக்கொத்துப் பலகாரம் எவர்சில்வர் தட்டு நிறைய, ஏலமும் கருப்பட்டியும் வலைக்கண் வழியாக வந்து மூக்கில் நிற்கும். ஒருநாள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவிக் கழுவி, வலைக்கண் வழியாக உள்ளே விட்டாள். குத்திக் குத்தி வெளியே இழுத்தால் குச்சி முனையில் ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும், எறும்புத் தீனி. அதை நக்கினாள். படித்தவள், பி.எஸ்ஸி. தாவரவியல், ஆறுமாசக் கர்ப்பிணி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஈர்க்குச்சியை நக்கினாள். முன்பக்கம் போய் அந்தக் கண்ணைத் தேடினாள். இடது கதவில் கீழ்மூலையில் இருந்தது. மற்ற கண்கள் சதுரமாக இருக்க அது மட்டும் விரிந்து வட்டமாகியிருந்தது. வலையையும் மாற்றச் சொல்லியிருக்கிறாள் ஹெப்சி. இப்போதெல்லாம் கோழிக்கூட்டு வலைதான் அழகாம்.

கேட்டிருக்கலாமே என்பார்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மாமியும் அதைத்தான் சொன்னாள், அதை மட்டும்தான் சொன்னாள். ஜாய்ஸ் பிறந்தபோது ஒரு கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது, தோல் மட்டும் தொளதொளவென்று, வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக மாமியைப் பார்த்து, பிள்ளைத்தாச்சிக்கு என்ன சாப்பாடு குடுத்தீங்க என்று கேட்டாள். மாமி கொஞ்சமும் அசரவில்லை. "வீடு நிறையக் கெடக்கு டாக்டர். கேட்டா தரமாட்டேன்னா சொல்லுதேன்? இவ வாயத் தொறந்து கேக்கணும்லா." அதுதான். கேட்டா தரமாட்டேன்னா சொல்லுதேன். பாலுக்கும் அதே சொல், வாழைப்பழத்துக்கும் அதே சொல். மாமி கெட்டவள் இல்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வினோலியாவும் சொல்வாள், கேட்டால் தந்திருப்பாள்தான். கேட்கிறவளின் முகத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இடுப்பு ஊக்கைக் கழற்றி, பூட்டைத் திறந்து, ஒன்றை எடுத்து, பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, கையில் வைப்பாள். முதல் மாதம் ஒரே ஒரு தடவை வினோலியா கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. கொழுப்பு என்று சொல்லிக்கொள்ளட்டும். செத்தவளிடம் கோபித்துக்கொண்டு என்ன செய்ய, அந்தக் கோபம் எப்போதோ காய்ந்து சருகாகிவிட்டது. அவளாவது பூட்டினாள், பூட்டியதை எல்லோரும் பார்க்க இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தாள். இது வேறு. இந்த முதுகு வேறு. டாக்டரம்மா கேட்டபோது ஜெபசிங் பக்கத்தில்தான் நின்றான். சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக்கொண்டிருந்தான்.

"ஏ வினோ! காப்பி இருக்கா?" படிக்கட்டுக்குக் கீழிருந்து அவன் குரல் வந்தது. அவள் விரல் ஆணியின் மேலேயே இருந்தது. "பெயிண்ட்ட கொளைச்சுக்கிட்டு காது கேக்காம உக்காந்திருக்கா" என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டு போவதும், பிளாஸ்க்கைத் திறக்கிற சத்தமும் கேட்டன. நல்லவன். பிளாஸ்க்கிலிருந்து தானே ஊற்றிக் குடிப்பான், குடித்த டம்ளரைக் கழுவி வைப்பான். கொட்டகைக்குத் தகரம் போட்டதே அவன்தான், வெயிலில் நின்று ஆணி அடித்தான், பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் என் ஒய்ஃப் பழைய சாமானைப் புதுசாக்குவா, புதுசைப் பழசாக்குவா என்று சொல்லிச் சிரிப்பான். நன்றாக ஆணி அடிப்பான். மேல்நோக்கி வளைத்துத்தான் அடிப்பான், மாட்டினது நழுவாமல் இருக்க. வினோலியா தலையை அண்ணாந்து கொட்டகைச் சட்டத்தைப் பார்த்தாள். அவளுடைய தூரிகைகள் தொங்குகிற ஆணிகள் வரிசையாக, எல்லாம் மேல்நோக்கி வளைந்து. அதனால் என்ன, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் அடிப்பார்கள். அப்பாவைப் பார்த்துப் படித்திருப்பான். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. கோயில் விட்டு வந்து, சாப்பிட்டு, அவன் கொஞ்ச நேரம் கழித்து அறைக்கு வந்து பக்கத்தில் படுத்தபோது அவன் மூச்சில் ஏலம் மணந்தது. கருப்பட்டி மணந்தது. அவள் முகத்தைத் திருப்பாமல், என்ன வாசம் என்றாள். "அம்மா ஒண்ணு தந்தா" என்றான். அவள் அதை நம்பினாள். மகனுக்குத் தருவாள்தானே, மகன் கேட்கக்கூட வேண்டாம், தருவாள். ஆனால் மாமி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்கினாளா? மாமி தூங்காத ஞாயிற்றுக்கிழமை உண்டா? குறட்டை கேட்டதா? கேட்டமாதிரி இருக்கிறது, இப்போது கேட்கவைத்துக்கொள்கிறேனோ என்றும் இருக்கிறது. ஒன்றை எடுத்தவன் இரண்டாக எடுத்திருந்தால். உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வந்து இந்தா என்று வைத்திருந்தால். எவ்வளவு சின்ன விஷயம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்றுதான் அவனும் கேட்பான். அம்மாவுக்குத் தெரிந்தால் உன்னைத்தான் சொல்லுவா, அதுக்குத்தான் என்பான். அப்பா வச்சது, எனக்கெப்படித் தெரியும் என்பான். அவனிடம் பதில் இருக்கும். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் இல்லாத பதிலா. கேட்டு வாங்குகிற பதில் அவளுக்கு வேண்டாம். கேட்டு வாங்குகிற எதுவும் வேண்டாம்.

கைதான் பொய் சொல்லாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் ஆத்திரம் ஒரு மாதிரி நிதானமாகி, தேய்க்கும்போது வருமே, அந்த நிதானம், வேலையாக மாறியது. முதலில் நாதாங்கியைக் கழற்றுவதில்லை என்று முடிவு செய்தாள். அலமாரியோடு வந்த பித்தளைப் பூட்டு சாவியோடு சன்னல்மேல் கிடந்தது, மாமியின் ஊக்கும் அதிலேயே கோத்திருந்தது. ஊக்கைக் கழற்றித் தனியே வைத்தாள். கதவுகளைச் சாத்திப் பூட்டி, மாமி மாதிரியே ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பின்னால் வந்து, முதுகு பூராவும் எனாமல் அடித்தாள், கறுப்பு, ஒட்டடை, கரப்பான் எல்லாம் நீலத்துக்குள் போயின. அந்தப் பாதை மட்டும் பாக்கி. தூரிகையைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினாள். மூடினால் போய்விடும். இத்தனை வருஷம் ஒரு கை எழுதி வைத்த ஒரே எழுத்து. மெழுகுவர்த்தியை எடுத்து அந்த இடத்தில் மட்டும் அழுத்தி உரசினாள், இரண்டு விரல் அகலத்துக்கு, விளிம்பிலிருந்து ஆணி வரைக்கும். என்றைக்கு யார் உப்புத்தாளைக் காட்டினாலும் அங்கே உரிந்து வரும். அதன்மேல் நீலத்தைத் திட்டமாக, கெட்டியாக, துடைக்காமல் வைத்தாள். சாவியை ஆணியில் மாட்டினாள். வட்டத் தேய்வின் மேல் அது சரியாகப் போய் உட்கார்ந்தது. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சாக்கை இழுத்து அலமாரியைத் திருப்பி, கொட்டகைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி நிறுத்தினாள். எறும்பு ஏறாமல். டர்பன்டைன் துணியால் கையைத் துடைத்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். மாமனாராகத்தான் இருக்கும். இருக்கட்டும். அப்படி இருந்துவிட்டால் நாதாங்கியைக் கழற்றி, பட்டி பார்த்து, கோழிவலையும் போட்டுக் கொடுத்துவிடலாம். ஜாய்ஸுக்குப் போன் செய்து சாப்பிட்டியா என்று கேட்கலாம். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்து அவள் தினமும் சொல்கிற பதில்தான், சாப்பிட்டேம்மா, சும்மா சும்மா அதையே கேக்காத.

கொஞ்ச நேரத்தில், வேலையைப் பார்க்க வந்த ஹெப்சி படிக்கட்டிலேயே பேசிக்கொண்டு ஏறி வந்தாள். பின்னாலேயே ஜெபசிங், ஒரு கையில் செல்போனில் மேட்ச், ஒரு கையில் காப்பி டம்ளர். "எம்மா! மைனி! அப்படியே வெளிநாட்டு வீட்டு சாமான் மாதிரில்லா இருக்கு. எண்ணே, பாத்தியா? நம்ம அம்மா அலமாரின்னு சொன்னா யாராச்சும் நம்புவாவளா?" விளிம்பில் எட்டிப் பார்த்த வெள்ளையைத் தடவினாள். "அம்மா கை பட்டுத் தேஞ்ச மாதிரியே இருக்கு. எனக்கு அழுகையே வருது." வினோலியா தூரிகையை டப்பாவில் முக்கி அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அய்ய, நாதாங்கி அப்படியே இருக்கு? சொன்னேம்லா மைனி." "எடுக்கணும்" என்றாள் வினோலியா. "உள்ள வெள்ளைதான அடிச்சிருக்கிய? பாப்போம்" என்று ஹெப்சி பூட்டைப் பிடித்து இழுத்தாள். "இதென்ன பூட்டிக் கெடக்கு? சாவி எங்க மைனி?" தூரிகையிலிருந்து நீலம் இழை இழையாகப் பிரிந்து டப்பாவில் சுழன்றது. "சாவியா" என்றாள் வினோலியா, "இங்கனதான் எங்கயோ வச்சேன்." ஹெப்சி சன்னலைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், குனிந்து கோணிச்சாக்கைப் புரட்டினாள். "ஒரு சாமான வச்ச எடத்துல வைக்க மாட்டா" என்றான் ஜெபசிங். கண் செல்போனில்தான் இருந்தது. யாரோ அவுட் ஆகப் போகிறார்கள் போல, முகம் இறுகியிருந்தது. டம்ளரை ஸ்டூலில் வைத்தான். இரண்டடி எடுத்து வைத்து அலமாரிக்கு முன்னால் வந்தான். வலது கை பக்கவாட்டில் போய், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, தேடவில்லை, தடவவில்லை, நேராகப் போய்ச் சாவியோடு திரும்பி வந்தது.

ஹெப்சி கைதட்டிச் சிரித்தாள். "அடப்பாவி, இன்னும் அங்கனதான் மாட்டி வச்சிருக்கியா! அம்மைக்கு சாவுற வரைக்கும் தெரியாது என்ன மைனி, நானும் இவனும் ஸ்டூலப் போட்டு ஏறி..." சொல்லிக்கொண்டே அண்ணனின் முகத்தைப் பார்த்தவள் நிறுத்திக்கொண்டாள். செல்போனில் கூட்டம் கத்தியது. அவன் அதைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு விரல்களில், நுனியிலிருந்து கணு வரைக்கும், ஈரமான நீலம். சாவியிலும் நீலம். அவன் நிமிர்ந்து வினோலியாவைப் பார்த்தான். கையை வேட்டியில் துடைக்கப் போய், வெள்ளை வேட்டி என்று நினைவு வந்து, அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டான். டர்பன்டைன் துணி அவளுடைய தோளில் கிடந்தது. அவன் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். வாயைத் திறந்து கேட்கட்டும் என்று நின்றாள்.